ஒன்பதாம் பிளாக்கின் பூச்சு

மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குப்பைத் தொட்டியைத் தெருவோரத்துக்கு உருட்டிக்கொண்டு போன ரேஃபர்ட் டீல், தன் வேலியை ஒட்டி ஒரு மரக்குச்சி அடித்திருப்பதைப் பார்த்தார். முழங்கால் உயரம். நுனியில் இளஞ்சிவப்பு ரிப்பன். முந்தின நாள் சாயங்காலம் அது அங்கே இல்லை. நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். ஏழு வீட்டு வேலிகளிலும் ஒவ்வொரு குச்சி, வரிசை பிசகாமல் நின்றது.

"மோஸெல்! இங்க வந்து பாரு."

அவர் மனைவி மோஸெல் காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தார். "குச்சிதானே? தண்ணிக் குழாய்க்கு அளந்திருப்பாங்க."

"தண்ணிக் குழாய்னா நீல ரிப்பன் கட்டுவான். இது சர்வேக்காரன் கட்டுறது. எவனோ நம்ம எல்லையை அளந்திருக்கான்."

"ரிப்பன் மேலகூடவா உனக்குச் சந்தேகம்?"

சந்தேகம் ரேஃபர்ட்டுக்குக் கூடப்பிறந்தது. கடையில் வாங்கும் பர்கரின் மேல்ரொட்டியைத் தூக்கிப் பார்க்காமல் கடிக்க மாட்டார். தேவாலயத்தில் ஜெபம் நடக்கும்போது எல்லாரும் கண்ணை மூட, இவர் மட்டும் ஒரு கண்ணைப் பாதி திறந்து வைத்திருப்பார் என்று மோஸெல் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஊர்க் கல்லூரியின் ஸ்டேடியத்துக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவர் சந்தேகப்பட்டால் அதில் தப்புச் சொல்வதற்கில்லை.

அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில் கார்ட்ரே கல்லூரியின் ஃபுட்பால் ஸ்டேடியம்தான் ஆகப் பெரிய கட்டடம். ஊரின் சனத்தொகை பதினோராயிரம். ஸ்டேடியத்தில் உட்காரும் இடம் இருபத்தாறாயிரம். இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரமே திரண்டு வந்து, முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு முட்டிமோதும் மாணவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போகும். மேற்கு கேலரி 1926இல் எழும்பியது. முதல் உலகப் போரில் இறந்த மாணவர்களின் நினைவாக, கல்லூரிக்காரர்களே ஓடைச் சரளை சுமந்து கட்டியது. கிழக்கு கேலரி 1949இல் வந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் லான்டர்ன் தெரு இருந்தது. முப்பத்தொரு வீடுகள், ஒரு முடிதிருத்தும் கடை, ஒரு தேவாலயம், எல்லாம் கறுப்பின மக்களுடையவை. கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாற்று இடம் தருவோம், வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை தருவோம் என்றது. கடிதம் வந்தது, அதில் சொன்ன எதுவும் வரவில்லை.

ரேஃபர்ட்டின் தாத்தா வீடு இருந்த இடத்தில்தான் இன்றைக்குக் கிழக்கு கேலரியின் ஒன்பதாம் பிளாக் நின்றது. அவருடைய அப்பா எஸெல் அந்த கேலரிக்குக் கான்கிரீட் கலக்கும் கூலியாளாக இருந்தார். கட்டி முடித்த பிறகு அதில் உட்கார அவருக்கு அனுமதியில்லை. வடக்கு முனையில் கயிறு கட்டிய மண்மேட்டில் நின்றுதான் கறுப்பர்கள் ஆட்டம் பார்க்க வேண்டும். அந்தக் கயிறு அவிழப் பதினேழு வருஷம் ஆனது.

எஸெலின் மகன் ரேஃபர்ட் 1979இல் அதே ஸ்டேடியத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். இந்த முப்பத்தைந்து வருஷத்தில் மேஸ்திரியாகவும் உயர்ந்திருந்தார். எந்தப் படி மழைக்கு வழுக்கும், எந்தக் கதவின் கீல் முனகும், எந்தத் தூணில் தேனீ கூடு கட்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. கல்லூரியை அவர் நம்பவில்லை. கேலரியை நம்பினார். அப்பா கலந்த கான்கிரீட் பொய் சொல்லாது என்பது அவர் எண்ணம்.

குச்சி முளைத்த மூன்றாம் வாரம், கல்லூரியின் துணைத் தலைவர் பிராம்லெட் பணியாளர்களைக் கூட்டி ஒரு பெரிய வரைபடத்தைத் திரையில் காட்டினார். புதுக் கிழக்கு கேலரி. கண்ணாடிச் சுவர் வைத்த குளுகுளு அறைகள், மின்தூக்கி, ஸ்டேடியத்துக்கே மொத்தம் முப்பதாயிரம் இருக்கைகள்.

"பழைய கிழக்கு கேலரி ஆயுசு முடிஞ்சுபோச்சு. எஞ்சினியர் அறிக்கை குடுத்துட்டாங்க. இந்த சீசன் மட்டும் அதுல ஆளுங்களை உக்கார வெச்சு ஆடுவோம். சீசன் முடிஞ்சதும் இடிச்சிட்டுப் புதுசு கட்டுறோம்" என்றார் பிராம்லெட்.

ரேஃபர்ட் வரைபடத்தின் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புது கேலரி பழையதைவிட அகலம். அதன் பின்சுவர் எங்கே முடிகிறது என்று பார்த்தார். கேலரிக்குப் பின்னால் அவருடைய தெரு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறத்தில் வரிசையாக மரங்கள் வரையப்பட்டிருந்தன.

"சார், அந்த மரமெல்லாம் எங்க நிக்குது?"

"அது சும்மா அழகுக்கு வரைஞ்சது, ரேஃபர்ட்."

"எங்க வீடு அழகா இல்லைன்னுதான் வரையலையா சார்?"

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பிராம்லெட்டும் சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ரேஃபர்ட்டின் மனசில் ஒரு கணக்கு ஓடியது. கிழக்கு கேலரி நன்றாகத்தான் இருக்கிறது. அதை இடித்தால்தான் அகலமாகக் கட்ட முடியும். அகலமாகக் கட்டினால்தான் தெருவை விழுங்க முடியும். ஆகவே கேலரி கெட்டுவிட்டது என்று சொல்ல ஓர் அறிக்கை வேண்டும். சோதனைக்காக எஞ்சினியர் வந்து கான்கிரீட்டைத் துளைத்து உருளை உருளையாக மாதிரி எடுத்த இரண்டு நாளும் தன்னை மேற்குப் பக்கம் வண்ணம் அடிக்க அனுப்பியது ஏன்? யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது.

எஞ்சினியர் கொரின் ஸெலின்ஸ்கி சிகாகோக்காரர், நாற்பது வயதிருக்கும். ஏப்ரலில் இன்னொரு தரம் வந்தார். ரேஃபர்ட் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே அவர் வழியில் போய் நின்றார்.

"மேடம், நீங்க எடுத்த கான்கிரீட்டெல்லாம் கிழக்குப் பக்கத்துலதான் எடுத்ததா?"

"ஏன் கேக்குறீங்க, மிஸ்டர் டீல்?"

"சும்மாதான். பக்கம் மாறிப்போச்சோன்னு."

கொரின் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பக்கம் மாறல. அறிக்கையைப் பத்திப் பேசக் கூடாதுன்னு என்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்க. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"ஓ! பேசக் கூடாதுன்னு கையெழுத்தா?"

"நான் ஒண்ணு கேக்கலாமா? ஒன்பதாம் பிளாக்குக்கு அடியில, பெரிய உத்தரத்துல ஒரு பூச்சு இருக்கே. பச்சை பெயின்ட் அடிச்சது. யாரு பூசினது?"

"நான்தான். தொண்ணூத்தாறுல. இன்னிக்கு வரைக்கும் ஒரு முடியளவு விரிசல் இருக்கா, சொல்லுங்க."

கொரின் ஒரு கணம் ரேஃபர்ட்டின் முகத்தையே பார்த்துவிட்டு, தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அந்தப் பார்வை ரேஃபர்ட்டை உறுத்தியது. வீட்டுக்கு வந்து, "என் கைவேலையையே குறை சொல்லப் பாக்குறா அந்தப் பொம்பள. வாயால சொல்லத் தைரியம் இல்ல, கண்ணால சொல்றா" என்று பொருமினார்.

மோஸெல் பீன்ஸ் நாரை உரித்தபடி, "அப்போ போய்த் தட்டிப் பாரேன். உன் பூச்சு, உன் சுத்தியல். யாரு தடுக்கிறா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு ரேஃபர்ட் ஸ்டேடியத்துக்குப் போனார். சாவி அவரிடம் இருந்தது. ஏழாம் பிளாக்கின் அடியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். நல்ல கான்கிரீட் ணங்கென்று சொல்லும், கை அதிரும். செத்த கான்கிரீட் பொத்தென்று சொல்லும். ஏழில் ணங். எட்டில் பாதி வரை ணங், பிறகு கொஞ்சம் மந்தம். ஒன்பதில் தன் பூச்சின் மேல் சுத்தியலை வைத்துத் தட்டினார்.

பொத்.

ஒரு முழம் தள்ளித் தட்டினார். பொத். இன்னும் ஒரு முழம். பொத். காலி டப்பாவைத் தட்டுகிற மாதிரி.

உளியை வைத்து இரண்டே அடி. பச்சைப் பூச்சு ஒரு கதவைப் போலத் திறந்து விழுந்தது. உள்ளே கான்கிரீட் ஈர மண்ணாகி, விரல் வைத்தால் உதிர்ந்தது. உத்தரத்தைத் தாங்க வேண்டிய இரும்புக் கம்பிகள் துருவில் உப்பி, தகடு தகடாகப் பிரிந்திருந்தன. கட்டைவிரல் பருமனான கம்பி ஒன்று பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தது. அதைப் பிடித்து வளைத்தார். கையோடு வந்துவிட்டது.

அதே இடத்தில் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்தார். தொண்ணூற்றாறு ஞாபகத்துக்கு வந்தது. அந்த உத்தரத்தில் ஒரு வடிகால் துளை இருந்தது. மழை பெய்தால் அதிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே வேகவைத்த வேர்க்கடலை விற்பவர்களின் தலையில் விழுந்தது. புகார் வந்தது. உத்தரத்தைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் பார்வைக்குச் சுத்தமாக இருந்தால் போதும் என்று மேலிடம் சொன்னது. துளையைக் காரை வைத்து அடைத்தார். அதன் மேல் கெட்டியாகப் பூசினார். அதற்கு மேல் பச்சை அடித்தார். தண்ணீருக்கு இருந்த ஒரே வழியை அவர் கைதான் மூடியது. பதினெட்டு வருஷ மழை உள்ளேயே நின்றிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கம்பித் துண்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். மோஸெல் அதைத் தொடவில்லை.

"அறிக்கை பொய் இல்ல" என்றார் ரேஃபர்ட். "கேலரி நிஜமாவே போயிடுச்சு. நான்தான் அதை மூடி மூடி வெச்சிருக்கேன்."

"உன்னைப் பூசச் சொன்னது யாரு?"

"சொன்னவன் சொன்னான். பூசினது இந்தக் கை."

ரேஃபர்ட் கம்பித் துண்டை உள்ளங்கையில் உருட்டினார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். "மோஸெல், இது இவ்வளவு மோசம்னு அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்கு. அவ பார்த்த பார்வை அதுதான். தெரிஞ்சிருந்தா, இந்த சீசன் ஆடலாம்னு எப்படி எழுதியிருப்பா?"

"எழுதியிருக்க மாட்டா."

"அப்போ எழுதினது ஒண்ணு, பிராம்லெட் சொல்றது ஒண்ணு."

இத்தனை நாள் அவருடைய சந்தேகம் சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டியது, ஆனால் தப்பான காரணத்துக்காக. கல்லூரி கேலரியின் சேதத்தைப் பெரிதாக்கிக் காட்டவில்லை. சிறிதாக்கிக் காட்டியது. ஆட்டங்களுக்குச் சீட்டு விற்றாகிவிட்டது. நன்கொடை கொடுக்கிறவர்கள் நிரம்பிய ஸ்டேடியத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் மாதம் வழக்கமான தாள் வந்தது. ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும், கேலரிகள் கூட்டத்துக்குத் தயார் என்று பராமரிப்பு மேஸ்திரி கையெழுத்திட வேண்டும். பிராம்லெட் தாமே கூப்பிட்டு அனுப்பினார். இனிப்பு ஐஸ் தேநீர் வரவழைத்தார். ரேஃபர்ட் அதைத் தொடாமல் தள்ளி வைத்தார்.

"முழு அறிக்கையையும் காட்டுங்க சார். படிச்சிட்டுப் போடுறேன்."

"அது எஞ்சினியர்களுக்கு எழுதினது. உனக்குப் புரியாது."

"புரியலைன்னா மோஸெல்கிட்ட கேட்டுக்கறேன். அவ முப்பது வருஷம் டீச்சர்."

பிராம்லெட்டின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. மேசை மேல் இருந்த ஒரு பழைய பதிவேட்டைத் திருப்பி வைத்தார். 1996. ஒன்பதாம் பிளாக் பூச்சு வேலை. பக்கத்தில் ரேஃபர்ட்டின் பெயர்.

"யாராவது தோண்ட ஆரம்பிச்சா இந்தப் பேருதான் முதல்ல வெளிய வரும், ரேஃபர்ட். அடுத்த வருஷம் ஓய்வு. எதுக்கு உனக்கு இந்த வம்பு?" பிறகு குரலை இறக்கினார். "உங்க தெருவைப் பத்தி நீ கவலைப்படுறதா கேள்விப்பட்டேன். அதை நான் பாத்துக்கறேன். வேணும்னா ஒரு கடிதம்கூடத் தர்றேன்."

ரேஃபர்ட் எழுந்துகொண்டார். "எங்க வீட்டுல ஏற்கனவே ஒரு கடிதம் இருக்கு சார். நாப்பத்தொம்பதுல வந்தது." தாளை அப்படியே மேசையில் விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஒரு வாளியில் பூச்சுத் துண்டும், உதிர்ந்த கான்கிரீட்டும், துருக் கம்பியும் எடுத்துக்கொண்டு மாவட்டக் கட்டட ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போனார். ஆய்வாளர் ஸ்டெகால் பருத்த வெள்ளைக்காரர். சுவரெல்லாம் கார்ட்ரே அணியின் பச்சைக் கொடிகள். அதைப் பார்த்ததும் ரேஃபர்ட்டுக்குப் பாதி நம்பிக்கை போயிற்று. இவனும் அவர்கள் ஆள்தான். ஆனாலும் வாளியை மேசையில் வைத்தார்.

"இது எங்கேருந்து?"

"ஒன்பதாம் பிளாக் உத்தரம். மேல பூசி மறைச்சது நான். அதை முதல்லயே சொல்லிடறேன், பின்னால வேற யாரும் சொல்ல வேண்டியதில்ல."

ஸ்டெகால் கம்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "என் மகளும் பேரப்பிள்ளைகளும் ஒன்பதுலதான் உட்காருவாங்க" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"சார், அறிக்கை கேட்டா எத்தனை பக்கம்னும் கேளுங்க. கடைசிப் பக்கத்தோட எண்ணையும் பாருங்க" என்றார் ரேஃபர்ட்.

கல்லூரி பதினெட்டுப் பக்கம் அனுப்பியது. ஸ்டெகால் நேராகக் கொரினைக் கூப்பிட்டார். அரசு அதிகாரி கேட்டால் பேசலாம் என்று அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் எழுதியது நாற்பத்தோரு பக்கம். இருபத்தாறாம் பக்கத்தில், ஏழிலிருந்து பதினொன்று வரையுள்ள பிளாக்குகளில் முட்டுக் கொடுக்காமல் ஓர் ஆளைக்கூட உட்கார வைக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது.

அன்று சாயங்காலம் ரேஃபர்ட் வீட்டுத் தொலைபேசி அடித்தது. "மிஸ்டர் டீல், கொரின் பேசறேன். யாராவது கேக்க மாட்டாங்களான்னு நாலு மாசமா காத்துக்கிட்டிருந்தேன்."

"கேக்குற ஆளுக்கு நீங்களே போன் போட்டிருக்கலாமே மேடம்."

 "போட்டிருக்கணும்" என்றார் கொரின்.

முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் கிழக்கு கேலரி முழுவதும் மூடப்பட்டது. செய்தி பரவியதும் ஊர் கொதித்தது. பெட்ரோல் போட நின்ற இடத்தில் ஒருவன் ஜன்னலை இறக்கி, "யோவ் டீல், முப்பது வருஷமா எங்கப்பா உக்காந்த சீட்டுய்யா அது! இனி உன் மடியில உக்காரட்டுமா?" என்று கத்தினான். தேவாலயத்திலேயே ஒருவர், "சகோதரரே, உங்க தெருவைக் காப்பாத்தத்தானே இந்த நாடகம்?" என்று கேட்டார். அதுதான் ரேஃபர்ட்டுக்கு வலித்தது. வாழ்க்கை முழுக்கப் பிறரைப் பார்த்த கண்ணால் இப்போது ஊர் அவரைப் பார்த்தது. அது எப்படியிருக்கும் என்று அறுபது வயதில் தெரிந்துகொண்டார்.

அந்த சீசனின் ஐந்து உள்ளூர் ஆட்டங்களும் காலியான கிழக்கு கேலரிக்கு எதிரே நடந்தன. கொட்டுகிற மழையிலும் அது அசையவில்லை. "எங்க விழுந்துச்சு? விழவே இல்லையே!" என்று மேற்கு கேலரியில் கூட்டமாகப் பாட்டுக் கட்டிக் கேலி செய்தார்கள். ரேஃபர்ட் மைதானத்தின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவேளை நான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று தன் மேலேயே சந்தேகம் வந்த நாட்களும் உண்டு.

டிசம்பர் முதல் வாரம் இடிக்கும் இயந்திரங்கள் வந்தன. வேடிக்கை பார்க்க இருநூறு பேர் கூடினார்கள். இயந்திரத்தின் இரும்புத் தாடை ஆறாம் பிளாக்கைக் கடித்தது. நாலு கடி தேவைப்பட்டது. ஏழுக்கும் அப்படியே. எட்டின் மேல்படியை மெல்லப் பிடித்து இழுத்ததுதான் தாமதம், யாரும் தொடாத ஒன்பதாம் பிளாக் நடுவில் மடிந்து, பத்தையும் இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் கீழே உட்கார்ந்தது. தூசி அடங்கச் சில நிமிஷம் ஆனது. இயந்திரம் ஓட்டியவர் இறங்கி வந்து தலைக்கவசத்தைக் கழற்றினார். கூட்டத்தில் ஒரு குழந்தை மட்டும் கைதட்டியது. அதன் தாய் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யாரும் ரேஃபர்ட்டிடம் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. கூட்டம் கலைந்தபோது பெட்ரோல் நிலையத்தில் கத்திய அதே ஆள், அவரைத் தாண்டிப் போகையில் தொப்பியை லேசாகத் தொட்டுவிட்டுப் போனான். ஸ்டெகால் தூரத்தில் தன் மகளின் தோளில் கை போட்டபடி நின்றார்.

பிராம்லெட் வசந்தத்தில் வேறொரு மாநிலத்துக் கல்லூரிக்குப் போனார், வழியனுப்பு விருந்தோடு. பூச்சு வேலைக்காக ரேஃபர்ட்டின் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. அவர் அதை எதிர்க்கவில்லை. "அது நியாயம்தான்" என்று மோஸெலிடம் சொன்னார். தெருவை மட்டும் விடவில்லை. ஏழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு வக்கீலைப் பிடித்து, புது கேலரியின் பின்சுவர் பழைய இடத்தைத் தாண்டாது என்று கல்லூரியிடம் எழுதி வாங்கி நீதிமன்றத்தில் பதிவு செய்தார்கள். கல்லூரி அகலத்தை விட்டுவிட்டு உயரத்தைக் கூட்டியது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குக் கொரின் சிகாகோவிலிருந்து ஒரு கேக் அனுப்பினார். ரேஃபர்ட் அதை முகர்ந்து பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முதல் துண்டை மோஸெலிடம் நீட்டினார்.

"ஏன், விஷம் வெச்சிருப்பாங்களா?"

"நீ டீச்சர். உனக்குத்தான் முதல்ல."

2016 செப்டம்பரில் புது கிழக்கு கேலரி திறந்தது. ஓய்வு பெற்ற பணியாளர் என்று அவருக்கும் மோஸெலுக்கும் கண்ணாடி அறையில் இரண்டு இருக்கைகள் அனுப்பியிருந்தார்கள். மோஸெல் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வந்து, ஆட்டத்தைவிடக் கோழி வறுவல் நன்றாக இருந்தது என்றார். ரேஃபர்ட் போகவில்லை. கொல்லையில் கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வானொலியில் கேட்டார். அவ்வளவு உயரக் கட்டடத்தால் வீடுகளின் வெயில் மறையாது என்று கல்லூரி எழுத்தில் கொடுத்திருந்தது. மூன்று மணிக்கு அவர் பாத்தியின் ஓரத்தில் நிழலுக்கு அடையாளமாக ஒரு செங்கல்லை வைத்தார். நாலே காலுக்கு நிழல் செங்கல்லைத் தாண்டி வந்து, கீரையின் பாதியை மூடியது. உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்து, தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டார்.